மோசடி என்று எழுத மறுக்கும் கோப்புகள்

மோசடிக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. வஞ்சகம், புரட்டு, சூது, கள்ளம் என்று நிகண்டு அடுக்கும். ஊரில் 'மோசம் பண்ணிட்டான்', 'நாமம் போட்டுட்டான்' என்பார்கள். '420' என்று எண்ணைச் சொன்னாலே போதும், ஆள் யாரென்று விளங்கிவிடும். அந்த எண் 2024 ஜூலை 1 முதல் சட்டப் புத்தகத்தில் இல்லை. புதிய சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது. ஆனால், எண் எதுவானால் என்ன? யாருடைய பொய் மோசடியாகிறது, யாருடைய பொய் பத்திரமாகிறது என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கேள்வியைப் பஞ்சமி நிலத்தின் வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1891ல் செங்கல்பட்டு கலெக்டராகப் பொறுப்பு வகித்த திரமென்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். உழுகிறவனுக்கு நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு மனுப்போட்டால், மிராசுதாரருக்கே முன்னுரிமை. இதன் தொடர்ச்சியாக 1892ல் வந்ததுதான் 1010ஆம் எண் அரசாணை. அதன்படி ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு.

நிலத்தோடு நிபந்தனையும் வந்தது. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் நஷ்டஈடில்லாமல் அரசு எடுத்துக்கொள்ளும். ஆக, இந்த நிலத்தை நம்மவரிடமிருந்து பிடுங்கப் பார்ப்பார்கள் என்பது சட்டம் போட்டவனுக்கே தெரிந்திருந்தது!

மோசடி என்றால் என்ன என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் வகைபிரித்துச் சொல்கிறது. அந்த வகைகளைச் சேரியில் வைத்துப் பாருங்கள்.

உண்மையல்லாததை உண்மையென்று சொல்வது முதல் வகை. கடன் பத்திரம் என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் ரேகை வாங்குவது இதுதான். நிலமீட்பு வேலையாகப் போன ஒரு ஊரில் ஒரு ஆயா சொன்னது: "நான் எங்கப்பா வித்தேன்? மவளுக்குப் பிரசவம். அம்பது ரூவா வாங்குனேன், கட்ட வெரல வைய்யின்னாங்க, வச்சேன்."

தெரிந்த உண்மையை மறைப்பது இரண்டாவது. பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்று இருக்கும். புதிதாகப் பெயர்த்து எழுதும்போது அந்த இரண்டெழுத்து காணாமல் போகும். நிலம் அங்கேயே கிடக்கும், அதன் சாதி மட்டும் மாறிவிடும்.

நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பது மூன்றாவது. 'வட்டிய அடைச்சிடு, நெலம் உன்னுதுதான்' என்ற பேச்சு. வட்டி எந்தக் காலத்தில் அடைந்தது?

ஏமாற்றுவதற்கென்றே செய்யும் வேறு எந்தக் காரியமும் அடுத்தது. தலித்துக்குத்தான் விற்கலாம் என்றால், தன் பண்ணையாளின் பேரிலேயே வாங்கிக்கொள்கிறான் ஆண்டை. பட்டா பண்ணையாள் பேரில், விளைச்சல் ஆண்டை வீட்டில். பின்னாளில் பொது அதிகாரப் பத்திரம் வந்தது, வேலை இன்னும் சுளுவாயிற்று.

இத்தனை வகை சொன்ன சட்டம், வெறும் மௌனம் மோசடியாகாது என்றும் சொல்கிறது. பேச வேண்டிய கடமை உள்ளவன் மௌனமாக இருந்தால்தான் மோசடியாம். சரி, அந்தக் கடமை யாருக்கு இருந்தது? வருஷா வருஷம் அடங்கல் எழுதிய கணக்குப்பிள்ளைக்கு, ஜமாபந்தியில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு, பத்திரத்தைப் பதிந்த சார்பதிவாளருக்கு இல்லையா? நிபந்தனை அவர்கள் மேசையிலேயே இருந்தது. மௌனத்தால் ஏமாந்தவர் சாதாரண கவனத்தோடு உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியுமென்றால், ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று 19ஆம் பிரிவு வேறு சொல்கிறது. எழுத்தையே தராமல் வைத்திருந்துவிட்டுக் கவனத்தை எதிர்பார்க்கிறது சட்டம்!

இந்த மௌனத்தைத்தான் நம் மக்கள் உடைத்தார்கள். காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். நிலத்தை எடுத்தவன் மீது பாயாத அரசு, நிலத்தைக் கேட்டவன் மீது பாய்ந்தது.

தாலுகா அலுவலகக் கோப்புகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் பார்த்த கோப்புகளில் இதற்கு 'நிபந்தனை மீறல்' என்றுதான் பெயர். ரேஷன் கார்டில் ஒரு பேரைக் கூட்டி எழுதிய கூலிக்காரன் மோசடிப் பேர்வழி ஆகிவிடுகிறான். நூறு ஏக்கரை வளைத்தவனோ நிபந்தனையை மீறியவன் மட்டும்தான். பாம்பு கடித்தால்கூட எறும்பு கடித்தது என்று எழுதுகிற பேனா அது.

சொல் மாறினால் வழக்கு மாறும். நிபந்தனை மீறல் என்றால் அது அரசுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள சங்கதி, கோப்பு ஆறப்போடப்படும். மோசடி என்றால் செய்தவன் யார், உடந்தை யார், பறிகொடுத்தவன் யார் என்று மூன்று பேரைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அந்தச் சொல்லை எழுத மறுக்கிறார்கள்.

தோழர்களே, நாம் மனு எழுதும்போது அந்தச் சொல்லையே எழுதுவோம். பழைய 'அ' பதிவேட்டின் நகலை வாங்கி, இன்றைய சிட்டாவை அதன் பக்கத்தில் வைப்போம். இரண்டுக்கும் நடுவே விடுபட்ட அந்த இரண்டெழுத்து எந்த ஆண்டில், யார் கையால் விடுபட்டது என்று கேட்போம். ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள்.