கூதிர் காலத்துப் புத்தகங்கள்

தர்மபுரியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தமக்கை மகளிடமிருந்து போன வாரம் ஒரு கடிதம் வந்தது. இந்தக் காலத்திலும் தபால் உறையில் கடிதம் எழுதுகிற பெண் அவள். "மாமா, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டுவிட்டது. வெளியே தலைகாட்ட முடியவில்லை. இந்த ஊரில் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை, படிப்பதற்கும் ஒன்றுமில்லை. புதிதாக வந்த புத்தகங்களில் நல்லதாக நாலு பேர் எழுதுங்கள். கதையாக இருந்தால் தேவலை" என்று எழுதியிருந்தாள்.

புத்தகம் கேட்டது சந்தோஷந்தான். ஆனால், 'இந்த ஊரில் ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தாளே, அதுதான் சுருக்கென்று தைத்தது. ஆகவே அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டு நீண்டு இந்தக் கட்டுரையாகிவிட்டது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

மேல்நாட்டுப் பத்திரிகைகளில் இலையுதிர் காலம் வந்தால் 'இந்தப் பருவத்தில் படிக்க வேண்டிய புதிய புத்தகங்கள்' என்று பட்டியல் போடுவது வழக்கம். நமக்கு இலை உதிர்வது மாசி பங்குனியில். அப்போது புத்தகத்தைவிட விசிறிதான் கைக்கு இதம். நம் முன்னோர் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் காலம் என்றார்கள். அந்தக் குளிரில் வீடு திரும்பாமல் போர்க்களத்திலேயே தங்கிவிடும் அரசனின் பாசறைக்குக் 'கூதிர்ப் பாசறை' என்று தனியாகப் பெயர் உண்டு. கம்பளிக்குள் கிடந்து புத்தகம் படிக்கிற பருவத்தில் ஈரக் கூடாரத்தில் யுத்தம்! உன் ஊரைப் பற்றிப் பேசப் புகுந்தால் யுத்தத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது, குழந்தாய்.

முதலில் நான் சிபாரிசு செய்யும் புத்தகம் கடையில் கிடைக்காது. எந்த நூல்நிலையத்திலும் கிடைக்காது. அதன் பெயர் தகடூர் யாத்திரை. தகடூர் என்பது உன் தர்மபுரியின் பழம் பெயர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து, அதியமான்களின் அந்தக் கோட்டையை முற்றி அழித்த கதையைச் சொன்ன நூல் அது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர், பழங்கதையைப் பொருளாகக் கொண்டு உரைநடையும் பாட்டும் கலந்து செய்யும் நூல்வகைக்கு இரண்டு உதாரணம் காட்டுகிறார். ஒன்று பெருந்தேவனார் பாடிய பாரதம். மற்றொன்று இந்தத் தகடூர் யாத்திரை. நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும். உரைநடை கலந்து சொன்ன யுத்த கதை என்றால், இன்றைக்கு நாங்கள் எழுதித் தள்ளும் சரித்திர நாவல்களுக்கெல்லாம் அதுவல்லவா பாட்டி? அந்தப் பாட்டியின் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை.

டாக்டர் சாமிநாதையர் அவர்கள் ஏடு தேடி அலைந்தபோது, திருநெல்வேலியில் ஒரு வீட்டுச் சுவடிகளின் பட்டியலில் இந்தப் பெயரைக் கண்டிருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தது. தேடினால் சுவடி இல்லை. கரையான் தின்றதோ, ஆற்றில் விட்டார்களோ? புறத்திரட்டு என்ற தொகை நூலில் நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலான பாட்டுகளும், உரையாசிரியர்கள் அங்கங்கே எடுத்துக் காட்டியவையுமே எஞ்சின. கதையை நடத்திச் சென்ற உரைநடை போயே போய்விட்டது. பாட்டை நினைவில் வைத்துக் கொண்டவர்கள் உரைநடையைக் கைவிட்டார்கள். எங்கள் ஜாதிக்கு அன்றும் அதே கதிதான்.

புத்தகம் போனால் என்ன, அதன் துண்டுகளை வேறு இரண்டு புத்தகங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கலாம். 1894-ம் ஆண்டில் ஐயரவர்கள் பதிப்பித்த புறநானூறும், 1904-ம் ஆண்டில் பதிப்பித்த பதிற்றுப்பத்தும்தான் அவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது என் யோசனை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து, ஜெயித்தவனைப் பாடியது. புறநானூற்றில் ஒளவையார் பாட்டுகள், தோற்ற குலத்தைப் பாடியவை. உலகத்தில் எத்தனையோ யுத்தங்களுக்கு ஜெயித்தவன் சொன்ன கதை மட்டுமே மிஞ்சியிருக்கிறது; தகடூருக்கு இரண்டு பக்கத்து வார்த்தையும் மிஞ்சியிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் ஆச்சரியமூட்டும் மனிதர் அரிசில் கிழார். எட்டாம் பத்தைப் பாடியவர் அவரே. பரிசாக ஒன்பது நூறாயிரம் பொற்காசும் அரசுக் கட்டிலும் கொடுக்க, 'அரசை நீயே ஆள்க' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மந்திரி உத்தியோகத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார் என்று அதன் பதிகம் சொல்லுகிறது. ஆனால், அதே அரிசில் கிழார் தகடூர்ப் போரில் விழுந்த அதியமான் எழினிக்காக அழுத பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. யமனைப் பார்த்துச் சண்டை பிடிக்கிறார் அவர்: வறுமையில் விதை நெல்லைக் குற்றித் தின்றுவிட்ட குடியானவனைப் போல் நீ மதிகெட்டுப் போனாய், இவனை விட்டு வைத்திருந்தால் இவன் போர்க்களங்களில் உனக்கு எவ்வளவு தீனி கிடைத்திருக்கும்! வெற்றி பெற்றவனின் கவி, வீழ்ந்தவனை விதை நெல் என்கிறார்.

வெற்றி பெற்றவனும் லேசான ஆளல்லன். முரசு வைக்கும் கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனார் என்ற புலவரை வெட்டாமல், பக்கத்தில் நின்று கவரி வீசினானே ஓர் அரசன், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாயே, அவன் யார் என்று நினைக்கிறாய்? தகடூரை எறிந்த அந்தப் பெருஞ்சேரல் இரும்பொறையேதான். புலவனுக்கு விசிறிய கைதான் உன் ஊர் மதிலை இடித்தது. நான் கற்பனையாக இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்திருந்தால், பொருந்தவில்லை என்று விமரிசகர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அதியமான் என்றால் நெல்லிக்கனி. அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. 1953-ல் வந்த 'ஒளவையார்' சினிமாவில் கே. பி. சுந்தராம்பாளைப் பார்த்தவர்களுக்கு ஒளவை என்றாலே தடியூன்றிய கிழவிதான். புறநானூற்று ஒளவையோ தொண்டைமானிடம் தூது போய், எண்ணெய் பூசி மாலை சூட்டி அழகாக அடுக்கிய அவன் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு, எங்கள் அரசன் வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு வந்தவள். பிறகு அவன் செத்தபின் அவள் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. அவனுக்கு நடுகல் நட்டு மயிற்பீலி சூட்டி ஒரு சின்னக் கலத்தில் கள் படைக்கிறார்கள். மலையோடு நாட்டைக் கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். பழந்தமிழ் தொண்டையில் அடைக்கிறது என்றால் கி. வா. ஜகந்நாதன் எழுதிய 'அதிகமான் நெடுமான் அஞ்சி'யை முதலில் படி. கதை போல் ஓடும். அப்புறம் மூலத்துக்கு வா.

கள் படைத்த அந்தக் கல்லிலிருந்துதான் அடுத்த புத்தகம். சேலம் ஜில்லாவிலிருந்து 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பத்தே வருஷத்தில், 1975-ல், தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 'தருமபுரி கல்வெட்டுகள்' என்று ஒரு தொகுதி வெளியிட்டது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, பக்கத்துச் செங்கம் பகுதிக் கற்களைப் பற்றிச் 'செங்கம் நடுகற்கள்' என்ற புத்தகம். அச்சும் அமைப்பும் சர்க்கார் தோரணைதான். அட்டையைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் சிறுகதை. வட்டெழுத்தில் நாலைந்து வரி: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர் மாட்டு மந்தையை இன்னார் கவர்ந்தபோது, மீட்டுப் பட்டான் இன்னான். அவ்வளவே. அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி பாட ஆளிருந்தது. மாடு மேய்த்தவனுக்கும் சேவகனுக்கும் பெயர் எழுதி வைத்தது இந்தக் கற்கள் மட்டும்தான்.

செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டில் நட்ட கல் ஒன்று. கருந்தேவக்கத்தி என்ற சேவகன் தொறு மீட்டுப் பட்டான். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது நாயின் பெயர். இரண்டு கள்ளர்களைக் கடித்து எசமானனுக்குக் காவலாக நின்றது என்று கல் சொல்லுகிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! தகடூர் மதிலைக் கட்டிய கொத்தன் ஒருவன் பெயர்கூடத் தெரியாது. (இந்தச் செங்கம் புத்தகத்தின் என் பிரதியை ஒரு சிநேகிதர் இரண்டே நாளில் தருவதாக எடுத்துப் போனார். அது நடந்து பல வருஷம் ஆகிறது.)

புதிய புத்தகம் கேட்டாயே என்கிறாயா? வருகிறேன். 1981-ல், திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்ற ஊர்க் குன்றில் ஒரு பிராமி எழுத்துக் கல்வெட்டு கண்டுபிடித்தார்கள். ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்பவன் கொடுத்த உறைவிடம் இது என்பது அதன் செய்தி. அசோகச் சக்கரவர்த்தி தம் சாசனத்தில் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒரு கூட்டத்தாரைச் சேர்த்துச் சொல்லியிருந்தார். அவர்கள் யார் என்று நெடுங்காலம் பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரே வரியில் விடை கிடைத்தது: உன் ஊர்க்காரர்கள்! இந்தக் கல்வெட்டையும் இதன் சகோதரக் கல்வெட்டுகளையும் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டிய ஐராவதம் மகாதேவனின் பெரும் புத்தகம் 2003-ல் ஆங்கிலத்தில் வந்தது. கனமான புத்தகம், விலையும் கனம். ஆனால் துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு நான் துணிந்து சிபாரிசு செய்வேன்.

அதைவிடப் புதியது 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை'. கே. ராஜனும் ஆர். சிவானந்தமும் எழுதியது. 2004 வரை உங்கள் மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரியில் சேர்ந்துவிட்ட மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி. மு. 2172 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி பக்கத்துச் சிவகளைக்கு அதனினும் ஆயிரம் வருஷம் முந்திய கணக்கு. அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவசரப்பட்டு மார்தட்ட வேண்டியதில்லை. ஆனாலும், முறிந்த வேல்கள் கிடந்த கொல்லன் உலை என்று ஒளவை சொன்னதற்குப் பின்னால் எவ்வளவு நீண்ட புகை இருக்கிறது என்று பார்.

நடுவிலே வெள்ளைக்காரன் வருகிறான். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவர் கீழ் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலம் அளந்தார்கள். ரயத்துவாரி முறை முளைத்தது இங்கேதான். சென்னையில் சேணமில்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோதான். அவருடைய கடிதங்களைச் சேர்த்து 1830-ல் கிளெய்க் என்பவர் வெளியிட்டார். 1918-ல் ரிச்சர்ட்ஸ் துரை தொகுத்த சேலம் கெஸட்டியரும் இருக்கிறது. வரியும் வாய்க்காலும் அறிய வேண்டியவர்கள் புரட்டலாம். நீ புரட்டுவாய் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

சுப்பிரமணிய சிவாவை மட்டும் விட்டுவிடாதே. சிறையில் வாங்கிய குஷ்டத்தோடு ஊர் ஊராக நடந்தவர், 1913-ல் 'ஞானபானு' பத்திரிகையை நடத்தியவர், 1925-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி கண் மூடியது உங்கள் பாப்பாரப்பட்டியில்தான். அவர் எழுத்தைத் தேடிப் படி.

கடைசியாக ஒன்று. இது கதையுமல்ல, புத்தகக் கடைச் சரக்குமல்ல. அரூர்ப் பக்கம் சித்தேரி மலையடியில் வாச்சாத்தி என்ற பழங்குடி ஊர். சந்தனக் கட்டை தேடுவதாக 1992-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023-ல் அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை நான் ஒரே மூச்சில் படித்தேன். சட்ட பாஷை கரடுமுரடுதான். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் கூண்டில் நின்று சொன்னது அதில் எழுத்தில் ஏறியிருக்கிறது. தகடூர் யாத்திரையைப் போல் அது தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது தர்மபுரிக்காரர்கள் பொறுப்பு. நீயும் இப்போது தர்மபுரிக்காரிதான்.

புறநானூறும் ஜகந்நாதன் புத்தகமும் நாளைக்குப் பார்சலில் வருகின்றன. மழை விட்ட ஒரு நாள், குடையை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய் வா. நடுகற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. மாப்பிள்ளையையும் அழைத்துப் போ. பார்த்துவிட்டு எழுது.