கை அசைந்தால் ஓடும் வாட்ச்: சாமானியர் கைக்கு அது வந்த கதை

1/
"டாக்டர், பதினைந்தாயிரத்துக்குள்ள தினமும் போட ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கணும். எது நல்லது?"

உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இரண்டு வருஷம் கழித்து அந்த மாடல் கடையில் இருக்காது. அதனால் அந்த வாட்ச் எப்படி இவ்வளவு விலைக்குள் வந்தது என்ற வரலாற்றைச் சொல்கிறேன். அது தெரிந்தால் எதைப் பார்த்து வாங்கணும் என்று உங்களுக்கே புரிந்துவிடும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதலில் ஆட்டோமேட்டிக் என்றால் என்ன?

நம் தாத்தாக்கள் தினமும் காலையில் சாவி கொடுத்த வாட்ச் ஞாபகம் இருக்கா? உள்ளே சுருட்டி வைத்த ஒரு ஸ்பிரிங். அது மெதுவாகப் பிரிந்துகொண்டே முள்ளை ஓட்டும். ஆட்டோமேட்டிக்கிலும் அதே ஸ்பிரிங்தான். கூடுதலாக உள்ளே அரைவட்டமாக ஒரு எடைத்தகடு இருக்கும். நீங்கள் கை அசைக்கும்போது அது சுழன்று ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கும். செல் கிடையாது. சார்ஜர் கிடையாது.

3/
ஒரு மருத்துவனாக இந்தக் கதையை 1707ல் இருந்து ஆரம்பிக்க எனக்கு உரிமை உண்டு.

இங்கிலாந்தில் சர் ஜான் ஃபிளாயர் என்று ஒரு மருத்துவர். நாடியைத் தொட்டு "வேகமா இருக்கு, மெதுவா இருக்கு" என்று சொன்னால் போதாது, எண்ணிச் சொல்லணும் என்று நினைத்தார். அந்தக் காலத்து வாட்சுகளில் நொடி முள் என்பதே அரிது. அதனால் சரியாக ஒரு நிமிடம் அளக்கும் வாட்ச் ஒன்றைச் செய்து வாங்கினார். அதை வைத்து நாடியை எண்ணி, 1707ல் புத்தகமாகவும் எழுதினார். இன்று நர்ஸ் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வாட்சைப் பார்க்கிறாரே, அந்தப் பழக்கத்தின் ஆரம்ப காலம் அது.

இதை ஏன் சொல்கிறேன்? வாட்ச் ஒரு வேலைக்கான கருவி. எந்த வேலைக்கு என்று தெரிந்தால் தேர்வு பாதி முடிந்தது.

4/
தானாகச் சாவி ஏறும் வாட்ச் 1770களிலேயே வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்லே, பெல்ஜியம் பக்கத்து சார்ட்டோன் என்று இரண்டு பேரின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அது பரவவில்லை. காரணம் ரொம்ப எளிது. அன்று வாட்ச் இருந்த இடம் கோட்டுப் பாக்கெட். பாக்கெட்டில் இருப்பது அதிகம் அசையாது. அசையாவிட்டால் சாவி ஏறாது.

வாட்ச் பாக்கெட்டிலிருந்து மணிக்கட்டுக்கு வர ஒரு உலகப்போர் தேவைப்பட்டது. முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கி இருக்கும்போது பாக்கெட்டைத் துழாவ முடியாது. கையில் கட்டிய வாட்ச் ஆண்களிடம் பரவியது அந்தப் போருக்குப் பிறகுதான்.

5/
மணிக்கட்டுக்கு வந்ததும் புதுப் பிரச்னை. சாவி திருகுகிற துவாரம் வழியாகத் தூசியும் ஈரமும் உள்ளே போய் மெஷின் கெட்டது.

இதை உட்கார்ந்து யோசித்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர். வாட்ச் ரிப்பேர் தெரிந்தவர், போரிலும் பணியாற்றியவர். சாவியே இல்லாவிட்டால் துவாரமும் இருக்காது, தூசியும் போகாது என்பது அவர் கணக்கு. கையின் அசைவிலேயே சாவி ஏறும்படி செய்தார். நேரம் திருத்த, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பினால் போதும். 1924ல் சுவிஸ் காப்புரிமை கிடைத்தது.

அதாவது கைக்கடிகாரத்தில் ஆட்டோமேட்டிக் பிறந்ததே பந்தாவுக்காக இல்லை. தூசிக்கும் ஈரத்துக்கும் எதிராக.

6/
ஹார்வுட் வாட்சில் எடைத்தகடு முழுச்சுற்று சுற்றாது. இரண்டு பக்கமும் முட்டி முட்டித் திரும்பும். உலகப் பொருளாதார மந்தத்தில் 1931ல் கம்பெனியும் மூடப்பட்டது. அதே வருஷம் ரோலெக்ஸ், முழு வட்டமும் சுற்றும் எடைத்தகட்டைக் கொண்டுவந்தது. 1948ல் எட்டர்னா அந்தத் தகட்டைச் சின்னச் சின்னக் குண்டுகள் மேல் உருள வைத்தது.

எல்லாம் அருமையான வேலை. ஆனால் சாமானிய மனுஷன் வாங்கும் விலையில் இல்லை.

7/
விலையை இறக்கிய இடம் ஜப்பான்.

எடைத்தகடு இரண்டு திசையிலும் சுற்றும். ஸ்பிரிங் ஒரு திசையில்தான் இறுகணும். இதைச் சமாளிக்க மற்றவர்கள் நிறைய பல்சக்கரங்களைப் போட்டார்கள். 1959ல் சீக்கோ ஒரு குட்டி நெம்புகோலைப் போட்டது. கவட்டை மாதிரி இரண்டு விரல். தகடு இந்தப் பக்கம் சுற்றினால் ஒரு விரல் சக்கரத்தை இழுக்கும். அந்தப் பக்கம் சுற்றினால் இன்னொரு விரல் தள்ளும். இரண்டிலும் சக்கரம் ஒரே திசையில்தான் போகும். பெயர் "மேஜிக் லீவர்".

பாகங்கள் குறைந்தால் செலவு குறையும், கெட்டுப்போக இருக்கும் இடங்களும் குறையும். இன்று நீங்கள் வாங்கும் சீக்கோ ஆட்டோமேட்டிக்கிலும் உள்ளே இருப்பது இதே யோசனைதான்.

8/
1963ல் அந்த யோசனையை வைத்து வந்த வாட்ச்தான் சீக்கோ ஃபைவ். "ஃபைவ்" என்பது ஐந்து வாக்குறுதி:

தானாகச் சாவி ஏறும்.
கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில்.
தண்ணீர் பட்டால் தாங்கும்.
சாவி நான்கு மணிப் பக்கம் உள்வாங்கி இருக்கும்.
கேஸும் செயினும் உறுதியாக இருக்கும்.

நான்காவதைக் கவனிங்க. தினமும் சாவி கொடுக்கத் தேவையில்லை, அதனால் அது கைக்கு எட்டும் இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கவும் தேவையில்லை. மணிக்கட்டை மடக்கினால் குத்தாது.

அலுவலகம், மழை, பயணம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே வாட்ச் வைத்திருப்பவரை மனதில் வைத்துச் செய்தது இது. பெட்டிக்குள் பத்து வாட்ச் வைத்திருப்பவருக்காக இல்லை. அறுபது வருஷம் ஆகியும் தினசரி வாட்சுக்கு இதைவிட நல்ல பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை.

9/
அடுத்த திருப்பத்தையும் கொண்டுவந்தது அதே சீக்கோதான். 1969 டிசம்பர் 25, டோக்கியோ. குவார்ட்ஸ் ஆஸ்ட்ரான். செல்லில் ஓடும் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4,50,000 யென். அந்தப் பணத்தில் ஒரு சின்னக் கார் வாங்கலாம்.

பத்துப் பதினைந்து வருஷத்தில் குவார்ட்ஸ் விலை தரைக்கு வந்தது. ஸ்பிரிங் வாட்சை விட மலிவு, துல்லியமும் பல மடங்கு. சுவிஸ் வாட்ச் தொழிலில் 1970ல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள். 80களின் நடுவில் மிஞ்சியது முப்பதாயிரத்துச் சொச்சம். ஊர் ஊராக ஃபேக்டரிகள் மூடின.

10/
நம் நாட்டுக் கதையும் இதற்குள் இருக்கிறது.

1961ல் பெங்களூருவில் ஹெச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. தொழில்நுட்பம் ஜப்பானின் சிட்டிசன் கொடுத்தது. பரீட்சை பாஸ், முதல் வேலை, கல்யாணம், பணி ஓய்வு என்று எல்லாவற்றுக்கும் ஹெச்.எம்.டி.தான். சாவி கொடுக்கும் "ஜனதா" பலர் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கும். அவர்களின் ஆட்டோமேட்டிக் "காஞ்சன்" கல்யாண மாப்பிள்ளை வாட்ச். இன்னொரு பக்கம், வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் கையில் சீக்கோ ஃபைவ் மின்னியது.

1984ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கினார்கள். ஃபேக்டரி நம்ம ஓசூரில். அவர்கள் பந்தயம் கட்டியது குவார்ட்ஸ் மேல். ஹெச்.எம்.டி. குவார்ட்ஸ் செய்தாலும் மனம் முழுக்க ஸ்பிரிங்கிலேயே இருந்தது. சந்தை ஓசூர் பக்கம் சாய்ந்தது. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

11/
அப்படியென்றால் ஆட்டோமேட்டிக் செத்திருக்கணுமே? ஏன் சாகவில்லை?

சுவிட்சர்லாந்தில் அது கௌரவப் பொருளாக மாறி, விலையை ஏற்றிக்கொண்டு பிழைத்தது. ஜப்பானில் வேறு வழி. அதே பழைய உறுதியான மெஷினை லட்சக்கணக்கில் செய்துகொண்டே இருந்தார்கள். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8200 வரிசை 1970களில் வந்தது, இன்றும் ஓடுகிறது. சீக்கோ 1996ல் கொண்டுவந்த 7எஸ்26 இன்னொரு உதாரணம்.

இங்கேதான் உங்கள் பணம் இருக்கிறது. மியோட்டா மெஷினை யார் வேண்டுமானாலும் வாங்கித் தங்கள் வாட்சுக்குள் வைக்கலாம். நிறைய பிராண்டுகள் அதைத்தான் செய்கின்றன. ஒரே மெஷின் ஒரு பெயரில் ஒரு விலை, இன்னொரு பெயரில் மூன்று மடங்கு விலை. அதனால் கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "உள்ளே என்ன மெஷின்?" பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பர்ஸைத் திறக்காதீங்க.

12/
ஒரு உண்மையை நேராகச் சொல்லிடறேன். துல்லியம் வேண்டும் என்றால் ஆட்டோமேட்டிக் வாங்காதீங்க.

சீக்கோவின் இன்றைய 4ஆர்36 மெஷினுக்குக் கம்பெனியே சொல்லும் வரம்பு, ஒரு நாளைக்கு 45 நொடி வேகமாகவோ 35 நொடி மெதுவாகவோ ஓடலாம் என்பது. நடைமுறையில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் சாதாரண குவார்ட்ஸ் ஒரு மாதம் முழுக்கச் சேர்த்தே 15, 20 நொடிதான் பிசகும். இரண்டும் ஒப்பிடக்கூடியதே இல்லை.

நாடி எண்ண இந்தப் பிசகு ஒரு பொருட்டே இல்லை. ரயிலைப் பிடிக்கவும் பிரச்னை இல்லை. வாரம் ஒருமுறை நேரம் சரிசெய்யப் பொறுமை இல்லாதவருக்குத்தான் எரிச்சல். அவர் குவார்ட்ஸ் வாங்கினால் நிம்மதியா இருப்பார்.

13/
மலிவு மட்டும் போதாது என்பதற்கும் ஒரு உதாரணம். 2013ல் ஸ்வாட்ச் "சிஸ்டம்51" என்று ஒன்றைக் காட்டியது. ஆட்டோமேட்டிக் மெஷின் மொத்தமும் 51 பாகம்தான், ரோபோவே பூட்டுகிறது, முழுச் சாவி ஏறினால் 90 மணி நேரம் ஓடும். அசாத்தியமான பொறியியல். ஆனால் மூடி சீல் வைத்த கேஸ். கழற்றிச் சர்வீஸ் செய்யும் பொருள் இல்லை.

செல்லும் சார்ஜரும் இல்லாமல் பல வருஷம் உழைக்கும் என்பதற்காகத்தானே ஆட்டோமேட்டிக் வாங்குகிறோம்? ரிப்பேர் செய்ய முடியாவிட்டால் அந்தக் காரணமே போய்விடுகிறது.

14/
வரலாறு முடிந்தது. இனி பட்டியல்.

– மெஷின்: சீக்கோ, மியோட்டா, ஓரியன்ட் மாதிரி பல வருஷமாக ஓடி நிரூபித்தது.
– சாவியை இழுத்தால் நொடி முள் நிற்குதா? கையாலும் சாவி கொடுக்க முடியுதா? 7எஸ்26ல் இரண்டும் கிடையாது. 4ஆர்36ல் இரண்டும் உண்டு.
– தண்ணீர்: 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். நீச்சலுக்கு 100 மீட்டர் வேணும்.
– இரவு ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை நான்கு வரை தேதியை மாற்றாதீங்க. உள்ளே பல் உடையலாம்.
– நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் ஆளா? ஞாயிறு கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கலாம். இந்த மெஷின்கள் முழுச் சாவியில் தாங்குவது சுமார் 40 மணி நேரம்.

15/
டாக்டராக நான்கு வார்த்தை.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் எந்த வாட்சும் கூடாது. வாட்ச் கெடுவது இருக்கட்டும், உங்களுக்கே ஆபத்து. ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த ஃபோன் உறை இவற்றின் மேல் வைத்தாலும் ஸ்பிரிங் காந்தம் ஏறித் தறிகெட்டு ஓடும்.

வாட்ச் கட்டிய இடத்தில் அரிப்பு, தடிப்பு வருதா? நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். முலாம் உரிந்த மலிவுக் கேஸில்தான் இது அதிகம். முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க. செயினை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் கழுவுங்க.

"பழைய ஹெச்.எம்.டி., புத்தம் புதுசு மாதிரி" என்று ஆன்லைனில் வருபவற்றில் பல, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கிடைத்த பாகங்களை ஒட்டவைத்தவை. ஜாக்கிரதை.

மிகப் பழைய வெளிநாட்டு வாட்சில் மின்னும் எண்கள் இருந்தால் திறந்து சுரண்டாதீங்க. அது ரேடியமாக இருக்கலாம். 1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அந்தப் பெயின்ட்டைப் பூசிய பெண்கள், பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்கி வேலை செய்தார்கள். தாடை எலும்பு அழுகி இறந்தவர்கள் உண்டு. மின்னுவது நின்றிருக்கும். ரேடியம் போயிருக்காது. அதன் அரையாயுள் 1,600 வருஷம்.

16/
கடைசியாக ஒன்று. காசு கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர் கடைக்காரரிடம் மாடலைக் காட்டுங்க. "அண்ணே, இது வந்தா நீங்க சர்வீஸ் பண்ணுவீங்களா? பாகம் கிடைக்குமா?" என்று கேளுங்க. அவர் தலையாட்டினால் வாங்குங்க. உதட்டைப் பிதுக்கினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுடுங்க.

ஈ.எம்.ஐ. போட்டு வாங்கும் பொருள் இல்லை இது. கையில் இருக்கும் காசுக்குள் நல்ல வாட்ச் நிச்சயம் கிடைக்கும்.

உங்கள் வீட்டு அலமாரியில் என்ன வாட்ச் தூங்குது? கமெண்டில் சொல்லுங்க.