கெலோங்: சிங்கப்பூர்க் காற்பந்தில் விலைபோன ஆட்டங்கள்

கெலோங் என்பது கடலுக்குள் மரக்கழிகளை ஊன்றிக் கட்டும் மீன்பிடி மேடை, மலாய்ச் சொல். சிங்கப்பூர், மலேசியப் பேச்சுவழக்கில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு: முடிவை முன்கூட்டியே விலைபேசிவிட்ட ஆட்டம். கெலோங்கின் கழி வரிசை மீனை விரட்டுவதில்லை. மெல்லத் திருப்பித் திருப்பி வலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துகிறது. தன் போக்கில்தான் நீந்துகிறோம் என்று மீன் நினைத்திருக்கும். சொல் கடலிலிருந்து திடலுக்கு வந்த வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும். தேக்கா கோப்பிக்கடையில் ஆட்டம் பார்ப்பவர், கோல்காப்பாளர் கையிலிருந்து பந்து நழுவியதும் "கெலோங்டா இது" என்று சொல்லிவிட்டுத் தன் தே தாரிக்குத் திரும்புவார். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் அலுவலகப் பதவி உயர்வுக்கும்கூட இன்று இந்தச் சொல் பொருந்துகிறது. பிறந்த இடம் காற்பந்து.

சுத்தமான அணி எது என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அவர்களுடைய ‘ஃபுட்பால்’ ஆட்டத்தில், ஜெயிப்பதற்காகக் கள்ளப்பணம் புழங்கியது. நல்ல ஆட்டக்காரனைத் தங்கள் பக்கம் இழுக்க மறைவாகக் கொடுத்த காசு அது. டெக்சஸ் மாநிலத்தின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் அதற்காக 1987ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் இழந்தது. சிங்கப்பூரில் கதை தலைகீழ். இங்கே கைமாறிய காசு தோற்பதற்கு. அல்லது, பின்னால் பார்க்கப்போவதுபோல, ஜெயிக்கும்போதே கொஞ்சம் குறைத்து ஜெயிப்பதற்கு.

திடல்கள்

லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் ரேஸ் கோர்ஸ் சாலை ஓடுகிறது. பெயருக்குக் காரணமான குதிரைப் பந்தயத் திடல் 1840களில் இங்கே அமைந்தது; 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. (சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே 2024 அக்டோபரோடு முடிந்துபோனது.) குதிரைகள் விட்டுச்சென்ற வெளிதான் ஃபேரர் பார்க். மாலை வேளைகளில் பல தலைமுறைப் பையன்கள் பந்து பழகிய திடல் அது. அங்கிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து நடக்கும் தூரத்தில் 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம். 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் வரும்வரை பெரிய ஆட்டங்களுக்கு அதுவே வீடு. குதிரைப் பந்தயத்துக்குப் பழகிய பேட்டையில்தான் காற்பந்தும் வேர்விட்டது என்பதை ஒரு தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

கிண்ணமும் பகையும்

எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரால் 1921இல் தொடங்கிய மலாயா கிண்ணம், பின்னாளில் மலேசியக் கிண்ணம் ஆனது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. அன்று தொடங்கிய போட்டி, 1965இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் நிற்கவில்லை. இரு நாடுகளுக்கு இடையே கடற்பாலம். ஒரு நாட்டின் மாநிலங்கள் ஆடும் கிண்ணத்தில் இன்னொரு நாடு. உலகில் அதிகம் காணக்கிடைக்காத ஏற்பாடு இது. அதனாலேயே ஒவ்வோர் ஆட்டமும் பங்காளிச் சண்டைபோல் இருந்தது.

1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து சிங்கப்பூர் இறுதிக்கு வந்தது. ஆறு முறை எதிரே நின்றது சிலாங்கூர். அதில் ஐந்து முறை கிண்ணம் அவர்களுக்கு. ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட கோல்காப்பாளர் ஆர். ஆறுமுகமும் மொக்தார் தஹாரியும் அந்தச் சிலாங்கூரின் தூண்கள். சிங்கப்பூர்ப் பக்கம் தற்காப்பில் சமது அல்லாபிச்சை, ‘வாழைப்பழ உதை’க்குப் பேர்போன எஸ். ராஜகோபால், தாக்குதலில் குவா கிம் சோங். அன்று சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் வழக்கறிஞர் ந. கணேசன். அவர் காலத்தில் காலாங் அரங்கம் நிரம்பி வழிந்தது. ‘காலாங் முழக்கம்’ என்ற பெயரும் நிலைத்தது. 1977 மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று கூடுதல் நேரத்தில் வென்றபோது அணித்தலைவர் சமது. வெற்றிக் கோல் குவாவுடையது. 1980இல் சிலாங்கூரை அதே அரங்கில் 2-1 என்று வென்றதும் கணக்கு ஓரளவு நேரானது.

ஆனால் ஐம்பதாயிரம் பேர் கத்துகிற ஆட்டத்தில் பந்தயப் பணமும் சேரும். பகை சூடேற ஏற, ‘பூக்கி’ என்று அழைக்கப்படும் சட்டவிரோதப் பந்தயத் தரகரின் நோட்டுப்புத்தகமும் தடித்தது. ரசிகரின் நெஞ்சைத் துடிக்கவைத்த அதே ஆட்டம்தான் தரகருக்கும் மூலதனம். சிங்கப்பூர்க் காற்பந்தின் இந்த இரு முகங்களைப் பிரித்து எழுத முயன்றவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதினார்கள்.

பந்துக் கணக்கு

விலைபேசுதல் என்றாலே கோல்காப்பாளர் வேண்டுமென்றே பந்தை விடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் அவ்வளவு முரட்டுத்தனமாக நடப்பதில்லை. ஆசியப் பந்தயத்தில் பலமான அணி பலவீனமான அணிக்குப் ‘பந்து கொடுக்கும்’: அரைப் பந்து, ஒரு பந்து, ஒன்றரைப் பந்து. ஒன்றரைப் பந்து கொடுக்கும் அணி 2-0 என்று வென்றால் அதன்மீது கட்டியவருக்குப் பணம். 1-0 என்று வென்றால் எதிரணிமீது கட்டியவருக்கு. ஆகவே தரகர் அந்த அணியின் தற்காப்பாளரிடம் கேட்பது தோல்வியை அல்ல. "ஜெயிச்சுக்கோ, ஒண்ணுக்கு மேலே வேணாம்" என்பதுதான் பேரம். அணிக்கு முழுப் புள்ளி கிடைக்கும், ரசிகர்கள் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள், பயிற்றுநர் கைகொடுப்பார். அந்த ஆட்டக்காரர் மட்டும் வேறு கணக்குப் பார்த்திருப்பார். எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: எப்படியும் தோற்கப்போகிற அணிக்குக் கூடுதலாக ஒரு கோல் விடுவது குற்றமாகவே தோன்றாது. நடுவரை வாங்கிவிட்டால் இன்னும் மலிவு. பதினொரு பேரோடு பேச வேண்டியதில்லை.

1994

சிங்கப்பூர்க் காற்பந்தின் உச்சமும் சரிவும் ஒரே ஆண்டில் நேர்ந்தன. இரட்டை வெற்றி: மலேசிய லீக், மலேசியக் கிண்ணம் இரண்டுமே. டிசம்பர் 17 அன்று ஷா ஆலாம் அரங்கில் பாஹாங்கை 4-0 என்று வென்றபோது அணித்தலைவர் ஃபாண்டி அகமது. ஆஸ்திரேலியர் அப்பாஸ் சாத் மூன்று கோல் போட்டார். அன்று பேருந்திலும் காரிலும் கடற்பாலத்தைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில்.

அதே பருவத்தில் அந்த அணியின் செக் நாட்டு ஆட்டக்காரர் மிகால் வானா, ஆட்டங்களை விலைபேசியதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பிணையில் இருந்தபோது நாட்டைவிட்டுத் தப்பினார். மறு ஆண்டு அப்பாஸ் சாத் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 50,000 வெள்ளி அபராதம் கட்டினார், ஆடவும் தடை. இறுதியாட்டத்தின் நாயகனும் நீதிமன்றக் கூண்டில் நின்றவரும் ஒரே ஆள் என்பதை ரசிகர்கள் பலரால் இன்றும் விழுங்க முடியவில்லை. மலேசியாவில் அடி இன்னும் பலமாக விழுந்தது: நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள்; பலர் இடைநீக்கம், சிலர் பணிநீக்கம்.

நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் மலேசியச் சங்கத்தோடு ஏற்பட்ட தகராறைக் காரணம் காட்டி 1995 தொடக்கத்தில் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து வெளியேறியது. காரணம் அதுதான் என்றாலும் கெலோங்கின் நாற்றம் இரு பக்கத்திலும் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

எஸ்.லீக்

1996 ஏப்ரலில் எட்டு மன்றங்களோடு சிங்கப்பூரின் சொந்தக் காற்பந்து லீகான எஸ்.லீக் தொடங்கியது. ஆட்டத்தை விலைபேசுவோரைத் தண்டிக்கச் சிங்கப்பூரிடம் சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1960ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியரோடு நிற்பதில்லை. மன்றத்தின் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரும் அதன் பிடிக்குள் வருவார். ஐந்தாண்டுச் சிறையும் 100,000 வெள்ளி அபராதமும் வரை போகலாம். 1952இல் உருவான லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு வழக்குகளை எடுத்தது. எஸ்.லீக் ஆட்டக்காரர்களைப் பொய் கண்டறியும் கருவியின்முன் உட்காரவைக்கவும் செய்தார்கள். சந்தேகம் வீட்டுக்குள்ளேயே எவ்வளவு ஆழமாய்ப் போயிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இதற்கிடையே சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் சட்டப்படியான காற்பந்துப் பந்தயத்தையும் திறந்தது. கள்ளத் தரகரின் வாடிக்கையை உடைப்பதே நோக்கம்.

ஆனாலும் 2007 பருவத்தில் ஆடிய சீன மன்றமான லியாவ்னிங் குவாங்யுவானின் ஆட்டக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். நியாயமாகச் சொன்னால், மற்றப் பல நாடுகளில் வதந்தியாகவே கரைந்துபோகிற விஷயம் இங்கே தீர்ப்பாகப் பதிவானது. சிங்கப்பூரின் கெட்ட பெயரில் ஒரு பங்கு, பிடிக்கும் பழக்கத்தால் வந்தது.

ஏற்றுமதி

உள்ளூரில் கூட்டம் குறைந்து, கண்காணிப்பும் கூடிய பிறகு தொழில் கப்பலேறியது. வில்சன் ராஜ் பெருமாள் என்ற சிங்கப்பூர்த் தமிழர் 2011 பிப்ரவரியில் ஃபின்லாந்தில் போலிக் கடப்பிதழோடு பிடிபட்டார். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரொவானியெமி நகர மன்றத்தின் ஆட்டங்களை விலைபேசியதற்காக அங்குள்ள நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்தது. 2010 செப்டம்பரில் பஹ்ரைனிடம் 3-0 என்று தோற்ற ‘டோகோ’ அணி உண்மையில் டோகோ அணியே அல்ல என்று அந்நாட்டுச் சங்கம் சொன்ன விவகாரத்திலும் அவர் பெயர் அடிபட்டது. 2014இல் இரு இத்தாலியர்களோடு சேர்ந்து தன் கதையை நூலாக்கினார். தலைப்பு: ‘கெலோங் கிங்ஸ்’. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தொனியைவிடத் தொழில் பெருமையே அந்தத் தலைப்பில் தூக்கலாகத் தெரிகிறது.

2013 பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், ஐரோப்பாவில் மட்டும் 380 ஆட்டங்கள்மீது சந்தேகம் இருப்பதாகவும் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட கும்பலுக்குத் தொடர்பு இருப்பதாகவும் அறிவித்தது. அந்தக் கும்பலோடு தொடர்புடையவர்கள் என்ற சந்தேகத்தில் அவ்வாண்டு செப்டம்பரில் கைதான டான் சீட் எங் உள்ளிட்டோர் குற்றவியல் (தற்காலிக விதிகள்) சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் டானை விடுவித்தது. சொல்லப்பட்ட செயல்கள் வெளிநாடுகளில் நடந்தவை. சிங்கப்பூரின் பொது அமைதிக்கு அவற்றால் என்ன ஆபத்து என்று தடுப்பாணை காட்டவில்லை என்பது காரணம். சில நாள்களிலேயே அவர் மீண்டும் கைதானார்.

உள்ளூரும் முழுக்க ஓயவில்லை. 2013 ஏப்ரலில் தெம்பனிஸ் ரோவர்ஸும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்துக்கு வந்த லெபனான் நடுவர்கள் மூவர், பெண்களை லஞ்சமாக ஏற்றதற்காகச் சிறை சென்றார்கள். 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் மலேசியா - தீமோர் லெஸ்தே ஆட்டத்தை விலைபேச முயன்ற ராஜேந்திரன் குருசாமிக்கு நான்காண்டுச் சிறை.

2012இல் ‘லயன்ஸ் XII’ என்ற பெயரில் சிங்கப்பூர் அணி மலேசியப் போட்டிகளுக்குத் திரும்பி, 2013இல் லீகையும் 2015இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. அந்த ஆண்டோடு அதுவும் முடிந்தது.

அதன் பிறகு வந்த பெரிய விவகாரத்தில் ஆட்டம் சம்பந்தப்படவே இல்லை. மன்றங்கள் தங்கள் உறுப்பினர் விடுதிகளில் ஜாக்பாட் இயந்திரங்களை வைத்துச் செலவுக்குப் பணம் ஈட்டிவந்தன. எஸ்.லீகில்கூட இல்லாமல் அமெச்சூர் லீகில் ஆடிய தியோங் பாரு மன்றத்தின் ஓராண்டு வருவாய் 36.8 மில்லியன் வெள்ளி. பெரும்பகுதி அந்த இயந்திரங்களிலிருந்து. 2017 ஏப்ரலில் காவல்துறை, சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்திலும் சில மன்றங்களிலும் சோதனை நடத்தியது. அதே மாத இறுதியில் சங்கம் தன் வரலாற்றில் முதல்முறையாகத் தேர்தல் வழியே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தது. உள்துறை அமைச்சு ஜாக்பாட் விதிகளை இறுக்கியது. எஸ்.லீக் 2018 முதல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்ற பெயரில் நடக்கிறது.