நாகையின் செப்புத் திருமேனிகளும் படை மருத்துவர் பால்ஃபரும்

இல்லறத்தார்க்கு அருகன் நெறி வகுத்த கடமைகளுள் தானம் தலையாயது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என அதனை நான்காகப் பகுத்துரைத்தனர் நம் முன்னோர். பசித்தார்க்கு உணவும், அஞ்சினார்க்கு அடைக்கலமும், பிணியுற்றார்க்கு மருந்தும் அளிப்பதன் பயன் உடனே தெரியும். சாத்திர தானத்தின் பயனோ பல தலைமுறை கடந்தே தெரியும். ஏடெழுதி வழங்கியவரும், அதனைக் காத்தவரும், அதன் பயனைத் தம் கண்ணால் காண்பதில்லை. ஆயினும் அத்தானத்தை விடாது செய்த குடும்பங்களால்தான் தமிழ்ச் சமணம் இன்றும் நூலும் கோயிலுமாக நிலைத்து நிற்கிறது.

நம் சமயத்தவரும் அல்லர், நம் நாட்டவரும் அல்லர். படையில் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அத்தகைய ஒருவர் ஔடத தானத்தையும் சாத்திர தானத்தையும் ஒருங்கே செய்தார் என்றால் அவரை நினைப்பதும் நம் கடமையே. அவர் சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கிய எட்வர்டு பால்ஃபர். நாகப்பட்டினத்து மக்கள் அவரை நினைப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு.

சமணக் கோபுரம் எனப் பெயர் பெற்ற கட்டடம்

நாகப்பட்டினத்துக்கு வடக்கே, ஊரிலிருந்து ஒன்றிரண்டு கல் தொலைவில், மூன்று நிலைகள் கொண்ட செங்கல் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை நின்றிருந்தது. கரையோரமாகச் செல்லும் கலங்களுக்கு அது அடையாளமாகப் பயன்பட்டது. புதுவெளிக் கோபுரம் என்றனர் உள்ளூரார். சீனக் கோபுரம், கருங்கோபுரம் என்ற பெயர்களும் வழங்கின. அரசின் முக்கோண நில அளவைப் படத்திலோ அது 'ஜைன பகோடா' என்று குறிக்கப்பட்டிருந்தது. சர் வால்டர் எலியட் 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இக்கட்டடத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் 'சீனக் கோபுரம் அல்லது ஜைனக் கோபுரம்' என்றே சுட்டினார்.

உண்மையில் அது பௌத்தர்களின் கட்டடம் என்பதே ஆய்வாளர் முடிவு. முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் சூடாமணி விகாரம் எழுந்தது. அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் உரைக்கின்றன. பள்ளிச்சந்தம் என்னும் சொல் சமணப் பள்ளிக்கும் பௌத்தப் பள்ளிக்கும் பொதுவாக வழங்கியது என்பதைக் கல்வெட்டுப் பயின்றோர் அறிவர். பௌத்தம் இந்நாட்டில் மறைந்துபோன பின், அதன் எச்சங்களை மக்கள் சமணர் பெயரால் அழைத்தமை வியப்பன்று. சமணர் இருந்தனர், பௌத்தர் இல்லை. ஆகவே உரிமை கோர ஒருவருமில்லாத கட்டடத்துக்கு இருப்பவர் பெயர் வாய்த்தது.

பெயர் வாய்த்ததேயன்றிக் காவல் வாய்க்கவில்லை. கோபுரம் நின்ற இடத்தில் அப்போது கிறித்தவத் துறவியர் கல்லூரி நடத்தி வந்தனர். சிதைந்து நின்ற கட்டடத்தை அகற்ற அவர்கள் இசைவு கேட்டனர், அரசும் இசைந்தது. 1867-இல் கோபுரம் இடிக்கப்பட்டது. பழங்கட்டடங்களைக் காக்கும் சட்டம் இந்திய நாட்டுக்கு 1904-இல்தான் வந்தது என்பதை நினைவிற் கொண்டால், ஒரு சாராரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. இது நிலைக்க வேண்டும் என்று சொல்ல அன்று எவரும் இல்லை. அதுவே இழப்பின் காரணம்.

மண்ணுக்குள் இருந்தவை மட்டும் வேறு வழி சென்றன. 1856 முதல் 1930-கள் வரை நாகையின் வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்து இன்றும் அங்கே உள்ளன. நாகையின் கோபுரம் அழிய, அதன் திருமேனிகள் பிழைத்தன. அவை சென்று சேர ஓரிடம் இருந்ததே இதற்குக் காரணம். அந்த இடத்தை உண்டாக்கியவர் பால்ஃபர்.

மருந்தும் நூலும்

பால்ஃபர் 1813-இல் ஸ்காட்லாந்தில் மான்ட்ரோஸ் நகரில் பிறந்தார். 1834-இல் இந்தியா வந்து சென்னைப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். படைவீரர் நோயுறாது வாழும் வழி பற்றி 1845-இல் நூல் எழுதினார். மரங்கள் குறைந்தால் மழையும் நீர்வளமும் என்னாகும் என்பதை 1840-களிலேயே ஆராய்ந்து அரசுக்கு எழுதினார். ஓரறிவுயிரென மரத்தையும் போற்றும் நமக்கு அக்கவலை புதிதன்று. ஆயின் அக்காலத்து அலுவலர் ஒருவரிடம் அதனைக் காண்பது அரிது.

இந்துஸ்தானி, பாரசீகம் ஆகிய மொழிகளில் அவர் தேர்ந்தவர். மகப்பேற்று மருத்துவம் பற்றிய ஆங்கில நூலொன்றைத் தாமே இந்துஸ்தானியில் பெயர்த்தார். அதே நூலைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் பெயர்க்கச் செய்து, தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். மருந்தைப் பற்றிய நூல் ஆதலால் ஔடத தானமும் சாத்திர தானமும் அதில் ஒன்றாயின. சென்னையில் முகமதியர் பொது நூலகம் தோன்றவும் அவர் துணைநின்றார். இந்தியாவையும் கீழை நாடுகளையும் பற்றிய அவரது கலைக்களஞ்சியம் 1857-இல் முதற்பதிப்பாக வந்தது. 1885-இல் வந்த மூன்றாம் பதிப்பு மூன்று தொகுதிகளாக விரிந்தது.

எழும்பூரில் ஒரு காப்பகம்

சென்னை இலக்கியச் சங்கம் தன்னிடம் சேர்ந்திருந்த கல்வகை, கனிமவகைப் பொருள்கள் ஏறத்தாழ 1,100-ஐ அரசுக்கு வழங்க முன்வந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1851-இல் நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் அருங்காட்சியகம் தொடங்கியது. பால்ஃபர் அதன் முதற் பொறுப்பாளர் ஆனார். ஆளுநரின் மெய்க்காப்புப் படை மருத்துவராக இருந்துகொண்டே இப்பொறுப்பையும் ஏற்றார். பொருள் பெருகவே 1854-இல் எழும்பூர் பாந்தியன் மாளிகைக்கு அருங்காட்சியகம் மாறியது. இன்றும் அவ்விடத்திலேயே உள்ளது.

பொருள் சேர்த்து வைத்தால் போதாது, மக்கள் வந்து காண வேண்டும் என்பது அவர் கருத்து. வளாகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தபோது கூட்டம் பெருகியதைக் கண்டு, 1855-இல் அங்கேயே விலங்குக் காட்சிச்சாலையும் அமைத்தார். உயிர்களைக் கூண்டில் அடைத்தல் நம் அறத்துக்கு உவப்பானதன்று. எனினும், கற்றோர்க்கு மட்டும் எனக் கதவை அடைக்காமல் எளியோரும் நுழையும் இடமாக அவர் அதனை ஆக்கியதைப் பாராட்டாதிருக்க இயலாது. பிற்காலத்தில் பெங்களூரிலும் ஓர் அருங்காட்சியகம் தோன்ற அவரே காரணமானார்.

1859-இல் அவர் பொறுப்பு நீங்கியபின் வந்தவர் கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல். அவரும் படையைச் சார்ந்தவர். இங்கிலாந்தின் ஹெய்லிபரிக் கல்லூரி நூலகத்தில் மிகுதியாக இருந்த நூல்கள் சென்னைக்கு வந்தபோது அவற்றை அருங்காட்சியகத்தில் ஏற்று வைத்தார். 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்துக்கு அதுவே வித்து. மிட்செல் 1872-இல் காலமானார். அடுத்து வந்த ஜார்ஜ் பிடி என்பவரும் படை மருத்துவரே. தென்னிந்திய நாணயங்களை, குறிப்பாக வராகன்களை, முறையாக ஆராய்ந்து எழுதியவர் அவர். ஆக, முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்காப்பகத்தைப் பேணியவர் மூவரும் படைப்பணியினர்.

1878-இல் புதையற் சட்டம் வந்தது. நிலத்தில் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்க வேண்டும். அரசு விரும்பினால் விலை கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஏர் முனையில் தட்டுப்பட்ட திருமேனி கொல்லன் உலைக்குச் செல்லாமல் எழும்பூருக்குச் செல்ல வழி பிறந்தது இவ்வாறுதான். சட்டம் இருந்தும் சேர்க்குமிடம் இல்லையேல் பயனில்லை. பால்ஃபர் அதனை முன்னரே அமைத்து வைத்திருந்தார்.

சமணர்க்குக் கிடைத்த பயன்

பௌத்தத் திருமேனிகளைப் பற்றிய இச்செய்தியில் நமக்கு என்ன என்று இளைஞர் கேட்கலாம். அதே அருங்காட்சியகத்தில் தீர்த்தங்கரர் கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் உள்ளன. அங்கே பணியாற்றிய டி.என். இராமச்சந்திரன் 1934-இல் திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்களைப் பற்றி எழுதிய நூல் அருங்காட்சியக வெளியீடாகவே வந்தது. ஜினகாஞ்சியின் ஓவியங்களையும் கல்வெட்டுகளையும் உலகறியச் செய்தது அந்நூல். நாகைத் திருமேனிகளைப் பற்றி 1954-இல் நூல் எழுதியவரும் அவரே. ஒரு சமயத்தாரின் பொருளைக் காக்க எழுந்த இடம் எல்லாச் சமயத்தார்க்கும் பயன்பட்டது.

மறுபுறமும் கூற வேண்டும். அதே ஆட்சிக் காலத்தில் அமராவதிச் சிற்பங்களுள் பல 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேறின. ஆனைமங்கலச் செப்பேடுகள் ஹாலந்து சென்று 'லெய்டன் செப்பேடுகள்' எனப் பெயர் மாறின. நாகைத் திருமேனிகள் சில இன்று நியூயார்க் முதலிய வெளிநாட்டு நகரங்களில் உள்ளன. காத்தவர்க்கு நன்றி கூறும்போதே கொண்டு சென்றவற்றையும் மறவாதிருத்தல் நேர்மை.

பால்ஃபர் 1871 முதல் சென்னையின் தலைமைப் படை மருத்துவராக இருந்து 1876-இல் ஓய்வு பெற்றார். பெண்கள் மருத்துவம் பயில வேண்டும் என்று அவர் விடாது வற்புறுத்தியதன் பயனாக 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது. 1889 டிசம்பர் 8-இல் இலண்டனில் காலமானார். மருத்துவம் பயிலும் பெண்களை ஊக்குவிக்க, அவர் நினைவாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1891-இல் தங்கப் பதக்கம் நிறுவப்பட்டது. பதவியிலிருந்தும் நாட்டிலிருந்தும் நீங்கி, உலகையும் நீத்த ஒருவரைச் சென்னை இவ்வாறு நினைத்தது என்றால், அவர் ஈட்டிய அன்பு எளியதன்று.

நாம் செய்யத்தக்கது

காவிரிப்படுகையில் தமிழ்ச் சமணர் குடும்பங்கள் எண்ணிக்கையிற் குறைவு. ஆயினும் தீபங்குடி தீபநாயகர், மன்னார்குடி மல்லிநாதர், கும்பகோணம் சந்திரப்பிரபர், தஞ்சைக் கரந்தை ஆதீசுவரர் என நம் கோயில்கள் வழிபாட்டோடு விளங்குகின்றன. 1887-இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அவர் ஐயம் தீர்த்தவர்கள் கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள். ஏட்டைக் காத்ததோடு அதன் பொருளையும் காத்து வைத்திருந்ததால்தான் அவர்களால் அது கூடிற்று.

இன்று நம் கோயில்களிலும் இல்லங்களிலும் உள்ள திருமேனிகளுக்கும் சுவடிகளுக்கும் முழுமையான பட்டியல் உண்டா? இருக்குமாயின் அதன் படி மற்றோரிடத்தில் உண்டா? களவு போன திருமேனியை மீட்க வேண்டுமாயின், அது நம்முடையது என்று காட்டும் நிழற்படமும் அளவும் பீடத்து எழுத்தின் படியும் கையில் இருத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டு கடந்த சிற்பங்களையும் 75 ஆண்டு கடந்த சுவடிகளையும் தொல்பொருளாகக் கருதுகிறது. சிற்பம் முதலியவற்றைப் பதிவு செய்துகொள்ளவும் அச்சட்டம் வழி வகுத்துள்ளது.

இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு கோயிலுக்கு இருவர், வாரத்தில் ஒரு நாள் போதும். நம்மிடையே பள்ளியிலும் வங்கியிலும் படையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் உள்ளனர். ஒழுங்காகக் குறிப்பெழுதும் பழக்கம் அவர்களுக்குண்டு. படமெடுக்கும் திறன் பேரப்பிள்ளைகளிடம் உண்டு. திருமேனியின் பெயர், உயரம், பீடத்து எழுத்து, பழுது ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, ஒரு படியைக் கோயிலிலும் ஒரு படியை அறக்கட்டளையிலும் வைத்தால் அடுத்த தலைமுறைக்கு அதுவே அரண். இவ்விழா நாளில் நம் அறக்கட்டளை அப்பதிவேட்டின் முதல் ஏட்டைத் தொடங்கி வைக்க வேண்டுகிறேன்.

சமணர் பெயரைத் தாங்கிய கோபுரத்துக்குக் காவலர் இலர். ஆகவே அது வீழ்ந்தது. நம் பெயரையும் நம் வழிபாட்டையும் தாங்கி நிற்பவற்றுக்கு அந்நிலை நேராதிருக்கட்டும். வாழ்க அருகநெறி!