மடு மாதா பாதயாத்திரை

மன்னார் மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் மருதமடு அன்னையின் திருத்தலத்துக்கு நேர்த்தி வைத்து நடந்து செல்லும் கத்தோலிக்க வழக்கம். பெருந்திருவிழா ஆகஸ்ட் 15; யூலை 2உம் முக்கிய விழா. கண்டி, மடவளைப் பக்கத்தவர்க்கு ஏ9 வீதிதான் வழி: மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, அங்கிருந்து தலைமன்னார் வீதியில் மடு றோட் சந்தி. சந்தியிலிருந்து கோயில்வரை நிழலோடு போகும் காட்டுப் பாதை. முழுத் தூரமும் நடக்க இயலாதோர் இத்துண்டையாவது நடப்பர்.

இத்தலமே இழப்பில் பிறந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது மாந்தையிலிருந்து தப்பியோர் 1670இல் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தனர். அதே ஒடுக்குமுறைக் காலத்தில் கண்டி இராச்சியத்தைத் தளமாக்கி ஊரூராக நடந்து திரிந்தவர் யோசப் வாஸ் அடிகளார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்தார்.

உள்நாட்டுப் போரில் தலம் அகதி முகாமானது. 1999 நவம்பரில் வளாகத்தில் வீழ்ந்த எறிகணைகள் தஞ்சம் புகுந்தோர் பலரைக் கொன்றன. 2008 ஏப்ரலில் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பியது. பிள்ளையைப் புதைத்தவரும் காணாமற்போனவரைத் தேடுபவரும் இங்கு ஒரே வரிசையில் மெழுகுதிரி ஏற்றுவர். கோயில் மண்ணைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோவதும் வழக்கம். அது பாம்புக்கடி விஷத்தை முறிக்கும் என்பது நம்பிக்கை. சிங்களவரும் தமிழரும் ஒன்றாகக் கூடும் தலம் இது. இந்துக்களும் பௌத்தர்களும்கூட வருவர்.