பிஸ்டனைப் பிரிப்பதும் ரோட்டரைப் பிரிப்பதும்

திருகோணமலை சீனக்குடா ஓடுபாதையில் பயிற்சி விமானிகளைப் பல ஆண்டுகளாக ஏற்றிப் பறந்த செஸ்னா 150 ஓடுவது கொன்டினென்டல் ஓ-200 எஞ்சினில். நான்கு சிலிண்டர், 100 குதிரைவலு, காற்றாலேயே குளிர்வது. சொந்தக் கையால் சிறு விமானம் கட்டுகிறவர்களில் பலர் இதையோ இதே இனத்தைச் சேர்ந்த லைக்கோமிங்கையோ பழையதாக வாங்கிப் புதுப்பித்துப் பூட்டுகிறார்கள். இவர்களோடு ஒத்துப்போகாத சிறு கூட்டம் ஒன்றும் உண்டு. அவர்கள் தேடிப் போவது ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிய மஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினை. ரீகண்டிஷன் வாகனங்களிலேயே வாழும் நமக்கு, பழைய ஜப்பான் எஞ்சின் மலிவு, அதையே பறக்கவிட்டால் என்ன என்ற ஆசை விளங்காததல்ல.

இரண்டையும் பிரித்து மேசையில் பரப்பினால் 13பி-யின் பக்கம் வெறிச்சென்று கிடக்கும். தலா 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள், அவற்றைத் தாங்கும் ஒரு மையம் விலகிய தண்டு. அசையும் முக்கியப் பாகங்கள் இவ்வளவுதான். வால்வு இல்லை, கேம் தண்டு இல்லை. மூன்று மூலையுள்ள ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். ஓ-200-இன் பக்கத்திலோ பிஸ்டன், வளையம், இணைப்புக் கம்பி, எட்டு வால்வு, அவற்றின் ஸ்பிரிங் எனக் குவியல். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு தேயலாம், அதற்குமேல் ஆகாது என்று கைநூலில் எண் இருக்கிறது. மைக்ரோமீற்றரை வைத்து அளக்க வேண்டும். தண்டைக் காந்தமேற்றி வெடிப்புப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டால், எஞ்சினை விமானத்திலிருந்து இறக்காமலே அதை மட்டும் கழற்றி மாற்றலாம். 13பி-யில் அது நடக்காது. அடுக்கடுக்காக வைத்து நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிய எஞ்சின் அது. உள்ளே ஒரு சிறு சீல் உடைந்தாலும் முழு அடுக்கையும் பிரித்தாக வேண்டும்.

அந்த சீல்தான் ரோட்டரியின் உயிர்நிலை. ரோட்டரின் மூலை ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய பட்டை. அடியிலுள்ள ஸ்பிரிங் அதை, ரோட்டர் சுழலும் கூட்டின் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தச் சுவர் குரோம் பூசியது. பழைய எஞ்சின் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பிளக் துளைப் பக்கமும் ஓரங்களும்: குரோம் உரிந்திருந்தால் அந்தக் கூடு போயிற்று. பக்கத் தட்டு வார்ப்பிரும்பு, தேய்த்துச் சமன் செய்யலாம். குரோம் சுவரை ஊர் லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய முடியாது.

கொட்பேயிலும் கிண்ணியாவிலும் இரண்டு-ஸ்ட்ரோக் அவுட்போட் மோட்டாரைப் பிரித்துச் சேர்க்கிறவருக்கு இதெல்லாம் அந்நியமாக இராது. மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து ஊற்றுகிற பழக்கம் அவருக்கு உண்டு; ரோட்டரி பறப்பவர்களில் பலரும் சீல்களுக்கு வழுக்கல் கிடைக்கவென்று பெற்றோலில் இரண்டு-ஸ்ட்ரோக் ஒயில் கலக்கிறார்கள். உப்புக்காற்றின் குணமும் அவர் அறிந்ததே. வாடைக்காலம் முழுவதும் ஓட்டாமல் போட்டால் ஓ-200-இல் இரும்புச் சிலிண்டரும் கேம் தண்டும் துருப்பிடிக்கும். 13பி-யில் பக்கத் தட்டு துருப்பிடித்து, சீல்கள் தம் பள்ளத்திலேயே இறுகிவிடும். இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசம் பெரிதாவது எஞ்சினுக்கு வெளியே. ஓ-200 முழு வலுவை நிமிடத்துக்கு 2750 சுற்றில் தருகிறது. புரொப்பெல்லரை நேராகத் தண்டிலேயே பூட்டலாம். 13பி 160 குதிரைவலு தர வேண்டுமானால் 6000 சுற்றை ஒட்டி ஓட வேண்டும். அந்த வேகத்தில் புரொப்பெல்லரின் முனை ஒலிவேகத்தையும் தாண்டிவிடும். ஆகவே நடுவில் ஒரு குறைப்பு கியர்பெட்டி. பிறகு, தண்ணீரால் குளிர்வது என்பதால், ரேடியேற்றர். பிறகு பெரிய ஒயில் கூலர், ஏனென்றால் ரோட்டரியின் சூட்டில் பெரும் பங்கை ஒயிலே சுமக்கிறது. காரில் முழு வலு கேட்பது சில விநாடிகளுக்கு. மேலேறும் விமானம் நிமிடக்கணக்கில் கேட்கும், அதுவும் கச்சான் காலத்து வெயிலில். சூடு மீறினால் அடுக்குகளுக்கிடையே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் போகும். அதோடு எஞ்சினும் போகும்.

மின்சாரம் இன்னொரு கதை. ஓ-200-க்கு இரண்டு மக்னீற்றோ. பற்றரி செத்தாலும் பொறி வரும். 13பி-யில் ரோட்டருக்கு இரண்டு பிளக் இருப்பது நல்லதுதான், ஆனால் கொயிலும் எரிபொருள் பம்பும் பற்றரியை நம்பியவை. இரண்டாவது பற்றரி, இரண்டாவது பம்பு என்று செலவு ஏறும்.

இந்தியாவில் ரோட்டரி வானேறிய கதை ஒன்று இருக்கிறது. நிஷாந்த் என்ற ஆளில்லா வேவு விமானத்துக்காக பெங்களூருவின் என்ஏஎல், ஏடிஇ நிறுவனங்களும் அகமதுநகரின் விஆர்டிஇயும் சேர்ந்து 55 குதிரைவலு வான்கெல் வகை ரோட்டரி எஞ்சினை உருவாக்கின. 2009 ஏப்ரலில் அது கோலார் அருகே நிஷாந்தைத் தூக்கிப் பறந்தது. எடை குறைவு, அதிர்வு குறைவு: கமரா சுமக்கும் விமானத்துக்கு வேறென்ன வேண்டும். ஆனால் நிஷாந்தில் ஆள் இல்லை, இறங்குவதும் பரசூட்டில். அதில் எஞ்சின் நின்றால் நட்டம் பணத்தோடு போகும். சீனக்குடாவில் ஏறுகிறவருக்கு ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் தம்பலகாமக் குடா.

நின்றுபோவதிலும் இரண்டுக்கும் வேறு வேறு பாணி. பிஸ்டனில் இணைப்புக் கம்பி முறிந்தால் சட்டென்று எல்லாம் முடியும். ரோட்டரியில் சீல் உடைந்தால் பெரும்பாலும் வலு குறையும், சுழற்சி நிற்காது. மெல்லத் திரும்பி வர இடம் தரும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைக் காதலிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் கியர்பெட்டியோ தண்ணீர்க் குழாயோ பம்போ கைவிட்டால் அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே என் கணிப்பு இது: ரோட்டரியின் உட்பகுதியைப் புதுப்பிப்பது பிஸ்டனைவிட எளிது, அதைச் சுற்றியுள்ளதைப் புதிதாக உருவாக்குவதே உண்மையான வேலை. கைநூலோடு வரும் ஓ-200-இல் அந்த வெளிப்புற வேலையை வேறொருவர் முன்பே செய்து முடித்திருக்கிறார். அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்துக்குச் சான்றிதழ் பெற்ற எஞ்சினும் அதற்குரிய புரொப்பெல்லரும் இருந்தால் வழக்கமாக 25 மணி நேரச் சோதனைப் பறப்பு. கார் எஞ்சின் என்றால் 40 மணி. நம் கடலோரத்துச் சூட்டுக்கும் உப்புக்கும் அந்த 40-உம் போதாது என்பேன்.