சாறு சொல்லும் சான்று

'அபின்' என்னும் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால் கிரேக்க மொழியை அடைவோம். அம்மொழியில் 'ஓப்பொஸ்' என்பது செடியின் சாறு. அதிலிருந்து பிறந்த 'ஓப்பியோன்' கசகசாக் காயைக் கீறினால் வடியும் பாலைக் குறித்தது. அதுவே அரபு மொழியில் 'அஃப்யூன்' ஆகி, இந்திய மொழிகளுக்கும் வந்து சேர்ந்தது. மொழிகளைக் கடந்து உருமாறிய சொல்லுக்கு மூலம் காண்பது எம்போன்ற மொழியியலாரின் பணி. மனித உடலின் நீர்மங்களைக் கடந்து உருமாறிய பொருளுக்கு மூலம் காண்பது தடயவியல் நச்சியலாரின் பணி. எம் முடிவு தவறினால் அகராதியில் ஒரு பிழை நேரும். அவர்தம் முடிவு தவறினால் ஒருவரது வாழ்வே பாழாகும்.

செருமானிய மருந்தாளர் செர்டியூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்துத் தம் ஆய்வை 1805இல் வெளியிட்டார். நோய்க்கு மருந்தான அது விரைவில் கொலைக்கும் கருவியாயிற்று. 1823இல் பாரிசில், எட்மே காஸ்டேங் என்னும் இளம் மருத்துவர் தம் நண்பரை மார்ஃபின் கொடுத்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் அம்மருந்தை வாங்கியது தெரியவந்தது. ஆனால் இறந்தவர் உடலில் அதனைக் காட்ட வேதியியலாரால் இயலவில்லை. சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. உடலே சான்று பகரும் வழியை அறிவியல் அன்று அறிந்திருக்கவில்லை.

அவ்வழியைத் திறந்தவர் பெல்ஜிய வேதியியலார் ழான் ஸ்டாஸ். 1850இல் நிகழ்ந்த ஒரு கொலை வழக்கில், இறந்தவரின் உறுப்புகளை அமிலம் கலந்த எரிசாராயத்தில் ஊறவைத்து, ஈதரின் துணையால் நிகோட்டினைப் பிரித்துக் காட்டினார். அம்முறை பின்னர்த் திருத்தம் பெற்று, மார்ஃபின் முதலிய தாவர நஞ்சுகளைத் தேடவும் பயன்பட்டது.

எனினும், நஞ்சைக் கண்டறிவது வேறு. அது எங்கிருந்து வந்தது என்று கூறுவது வேறு. ஹெராயின் குருதியில் கலந்த சில நிமிடங்களிலேயே 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்னும் இடைப்பொருளாகிறது, பின்னர் மார்ஃபினாகிறது. கல்லீரல் அதனை நீரில் எளிதில் கரையும் வடிவமாக்க, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. ஆகவே குருதி அண்மை நிலையை உணர்த்தும். சிறுநீர் கடந்துபோன பொழுதைக் கூறும். இருமல் மருந்திலுள்ள கோடீனும் உடலில் ஓரளவு மார்ஃபினாக மாறும். நம் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவும் சிறுநீரில் சிறிது மார்ஃபினைக் காட்டக்கூடும். எனவே மார்ஃபின் மட்டும் இருப்பது ஹெராயினுக்குச் சான்றாகாது. மேற்கூறிய இடைப்பொருளோ கசகசாவிலிருந்தும் கோடீனிலிருந்தும் தோன்றுவதில்லை. அது விரைவில் மறைந்துவிடும் என்பதே இடர்ப்பாடு.

இறப்புக்குப் பின்னும் மருந்துகளின் நகர்வு நிற்பதில்லை. உறுப்புகளில் தேங்கியவை இதயக் குருதிக்குள் கசிந்து, அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் தொடைச் சிரையின் குருதியை ஆய்வாளர் விரும்புவர். கண்விழியினுள் நிறைந்த கூழ்போன்ற நீர்மம் இன்னும் பாதுகாப்பானது. குருதியில் மறைந்த இடைப்பொருள் அங்கு எஞ்சியிருப்பதுண்டு.

காஸ்டேங் வழக்கில் கிட்டாத சான்று, இங்கிலாந்தில் மற்றொரு மருத்துவரின் வழக்கில் கிட்டியது. 1998 சூனில் 81 வயதான கேத்லீன் கிரண்டி இறந்தபோது, முதுமையே காரணம் என்று ஹெரால்டு ஷிப்மன் சான்றிதழ் எழுதினார். ஆகஸ்டில் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. குருதி வற்றிய அவ்வுடலின் தொடைத் தசையும் கல்லீரலும் மார்ஃபினைக் காட்டிக்கொடுத்தன. அம்மூதாட்டி போதைப் பழக்கம் உடையவர் என்று காட்ட அவர் திருத்திய மருத்துவக் குறிப்புகள், கணினியில் பதிவான நாள்களால் பொய்யாயின. 2000 சனவரியில் 15 கொலைகளுக்கு அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

மாணவர்கள் இவ்வரலாற்றில் ஒன்றைக் கருத வேண்டும். 'இருந்தது' என்பதும், 'இதிலிருந்து வந்தது' என்பதும், 'இதனால் இறந்தார்' என்பதும் மூன்று வேறு கூற்றுகள். முதலாவதை மெய்ப்பித்துவிட்டு மூன்றாவதைச் சொல்லிவிடாத அடக்கமே ஆய்வாளருக்கு அறம், சொல்லாராய்ச்சிக்கும் அஃதே.